எளிதை விட்டு அரிதைத் தேடுவோம்!

(பத்தாம் வகுப்பு மாணவி ஒருவரின் சிந்தனை)

தண்ணீர் பள்ளத்தை நாடும்; மனித மனம் எளிதை நாடும். இது இயற்கை. ஆனால் கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்து வளர்ந்த நமக்கு, தண்ணீரைக்கூட அதன் போக்கில் விடாமல் திருப்பலாம் என்பது தெரியும். மேற்கே ஓடி அரபிக் கடலில் வீணாய்க் கலந்துகொண்டிருந்த பெரியாற்றை அணை கட்டித் தேக்கி, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார் பொறியாளர் பென்னிகுவிக். 1887-இல் தொடங்கிய வேலை 1895-இல் முடிந்தது. இடையில் வெள்ளம் வந்து கட்டியதை அடித்துச் சென்றது. காய்ச்சல் வந்து தொழிலாளர் பலரைக் கொண்டு சென்றது. எளிதான வேலையே போதும் என்று அவர்கள் இருந்திருந்தால், இன்று கூடலூர் முதல் வீரபாண்டி வரை நாம் காணும் பச்சை வயல்கள் ஏது?

அன்பார்ந்த சகோதரிகளே! அணை கட்டுவதைப் பற்றி நான் எழுத வரவில்லை. நான் எழுத வந்தது ஒரு விளையாட்டைப் பற்றி. ஆனால் அந்த விளையாட்டிலும் இதே கேள்விதான் எழுகிறது. எளிதைத் தேடுவதா, அரிதைத் தேடுவதா?

பெங்களூரில் படிக்கும் என் பெரியப்பா மகள் சென்ற விடுமுறையில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது இந்த விளையாட்டைப் பற்றிச் சொன்னாள். இதற்கு ஜியோகேச்சிங் என்று பெயர். ஒருவர் ஒரு சிறு பெட்டியை எங்கேயாவது ஒளித்து வைப்பார். அது நிற்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை மட்டும் மற்றவர்களுக்கு அறிவிப்பார். தேடுகிறவர் அந்த எண்களைக் கைபேசியிலோ ஜி.பி.எஸ். கருவியிலோ போட்டுக்கொண்டு நடந்து சென்று பெட்டியைக் கண்டுபிடிக்க வேண்டும். பெட்டிக்குள் ஒரு சிறு நோட்டுப் புத்தகம் இருக்கும். அதில் தன் பெயரையும் தேதியையும் எழுதிவிட்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும். அவ்வளவுதான். பரிசு இல்லை, கோப்பை இல்லை, கைதட்டல் இல்லை.

இது எப்படித் தோன்றியது தெரியுமா? விண்ணிலிருந்து வழிகாட்டும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் அமெரிக்க இராணுவத்துக்குச் சொந்தமானவை. பொதுமக்களுக்கு அவை காட்டும் இடம் நூறு மீட்டர் வரை தள்ளியிருக்கும்படி வேண்டுமென்றே குழப்பி வைத்திருந்தார்கள். 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அந்தக் குழப்பத்தை நீக்கினார்கள். உடனே, மே 3-ஆம் நாள், ஓரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் வாளியைக் காட்டோரத்தில் பாதி புதைத்து வைத்து, அதன் இடத்தை அறிவித்தார். வாளிக்குள் ஒரு நோட்டு, ஒரு பென்சில், சில புத்தகங்கள், ஒரு கவண், ஒரு பீன்ஸ் டப்பா ஆகியவை இருந்தனவாம்! சில நாட்களுக்குள்ளேயே ஆட்கள் அதைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். இன்று உலகெங்கும் இலட்சக்கணக்கான பெட்டிகள் இருக்கின்றன. 2008-இல் விண்வெளி நிலையத்துக்குச் சென்ற ரிச்சர்ட் கேரியட் அங்கேயும் ஒன்றை அமைத்துவிட்டு வந்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு வகை நட்சத்திரங்கள் உண்டு. கண்டுபிடிக்க எவ்வளவு மூளை வேண்டும் என்பதை ஒன்று சொல்லும். சென்று சேர எவ்வளவு கால் வேண்டும் என்பதை மற்றொன்று சொல்லும். ஒரு நட்சத்திரம் என்றால் சக்கர நாற்காலியில் செல்பவரும் சென்றடையலாம். மூன்று, நான்கு என்றால் ஏற்றம், பாறை, நீண்ட நடை. ஐந்து நட்சத்திரம் என்றால் கயிறோ படகோ அதுபோன்ற தனிக் கருவியோ இல்லாமல் முடியாது. என்னுடைய சிந்தனையெல்லாம் இந்த இரண்டாவது வகை நட்சத்திரத்தைப் பற்றியதே.

இந்த விளையாட்டில் இரண்டு வகை மனிதர்கள் இருக்கிறார்கள் என்று அக்காள் சொன்னாள். முதல் வகையினர் எண்ணிக்கையை நாடுகிறவர்கள். நெவாடா என்னும் பாலைவன மாநிலத்தில் ஒரு நெடுஞ்சாலை ஓரமாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெட்டிகளை வரிசையாக வைத்திருந்தார்கள். இரண்டு பெட்டிகளுக்கு இடையே ஏறத்தாழ 160 மீட்டராவது இருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே அந்த இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக வைத்துவிட்டார்கள். காரில் போக வேண்டியது, நிறுத்த வேண்டியது, ஒருவர் குதித்து இறங்கிப் பெயரைப் பதிய வேண்டியது, மறுபடி ஏறிக்கொள்ள வேண்டியது. இப்படியே ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் கண்டுபிடித்து விடலாம்! இரண்டாம் வகையினர் வேறு மாதிரி. ஆண்டுக்கு இரண்டோ மூன்றோ பெட்டிதான் தேடுவார்கள். ஆனால் அதற்காக ஒரு மலையை ஏறுவார்கள், ஓர் ஆற்றைக் கடப்பார்கள். திரும்பி வந்து அதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் கேட்பவர்களுக்குப் பசி மறந்து போகும்.

நான் இரண்டாம் வகையினரின் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

முதலாவதாக, தேடலின் பயன் பெட்டியில் இல்லை, வழியில்தான் இருக்கிறது. இதை இன்றைய மனிதர் கண்டுபிடிக்கவில்லை. இங்கிலாந்தில் டார்ட்மூர் என்னும் பெரிய மேட்டுச் சதுப்பு நிலத்தில், கிரான்மியர் என்றொரு தொலைவான இடம் உண்டு. சேற்றிலும் புல்லிலும் பல மணி நேரம் நடந்தால்தான் அதை அடைய முடியும். 1854-இல் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி அங்கே ஒரு கண்ணாடிச் சீசாவை வைத்தார். அவ்வளவு தூரம் நடந்து வந்தவர் தம் பெயர் அட்டையை அதற்குள் போட்டுவிட்டுச் செல்லலாம். அந்தச் சீசாவை ஊர் நடுவில் கடைத்தெருவில் வைத்திருந்தால் யாராவது அதை நினைவு வைத்திருப்பார்களா? ஜி.பி.எஸ். வருவதற்கு நூறு ஆண்டுகளுக்கும் முன்பே இந்த விளையாட்டு அரிய இடத்தில்தான் பிறந்தது.

இரண்டாவதாக, எண்ணிக்கை நம்மை ஏமாற்றும், ஏற்றம் ஏமாற்றாது. பத்தாம் வகுப்பில் இருக்கும் எனக்கு இது நன்றாகப் புரிகிறது. முக்கிய வினாக்கள் என்று அச்சிட்ட தாளைக் கையில் வைத்துக்கொண்டு அதை மட்டும் உருப்போட்டு மதிப்பெண் வாங்கிவிடலாம். அந்த மதிப்பெண்ணும் நெடுஞ்சாலை ஓரத்துப் பெட்டி போன்றதுதான். பட்டியலில் இடம் பெறும். ஆனால் பாடம் நம்முடையதாகாது. மலையில் அப்படி நடக்காது. ஏறாமல் ஏறினேன் என்று ஊராரிடம் சொல்லிவிடலாம்; நம் முழங்காலிடம் சொல்ல முடியுமா?

மூன்றாவதாக, கடினமான வழி நம்மைப் பிறரோடு சேர்க்கிறது. சமதரையில் ஒவ்வொருவரும் அவரவர் வேகத்தில் போகலாம். ஏற்றத்தில் கை கொடுக்காமல் முடியாது. தண்ணீர் யாரிடம் இருக்கிறது, யாருக்கு மூச்சு வாங்குகிறது, யாருடைய செருப்பு அறுந்திருக்கிறது என்று பார்த்தே ஆக வேண்டும்.

இவற்றையெல்லாம் நான் எந்தப் புத்தகத்திலும் படித்து எழுதவில்லை. நம் பள்ளத்தாக்கிலேயே ஆண்டுக்கு ஒருமுறை இந்தப் பாடம் நடக்கிறது. கூடலூருக்கு மேலே, தமிழக – கேரள எல்லையில், வண்ணாத்திப்பாறைக் காட்டில் மங்கலதேவி கண்ணகி கோட்டம் இருக்கிறது. சேரன் செங்குட்டுவன் எடுப்பித்தது என்று சொல்லப்படும் பழங்கோயில். கடல் மட்டத்துக்கு நாலாயிரம் அடிக்கும் மேலே நிற்கிறது. சித்திரை முழுநிலவு நாளில் மட்டுமே மக்களை மேலே போக விடுவார்கள். அதற்கு இரண்டு வழிகள் உண்டு. குமுளியிலிருந்து ஜீப்பில் ஏறி உட்கார்ந்தால் கோயிலருகே இறங்கலாம். லோயர் கேம்ப் அருகே பளியன்குடியிலிருந்து புறப்பட்டால் 6 அல்லது 7 கிலோமீட்டர் காட்டு வழியாக நடந்தே ஏற வேண்டும். பார்த்தீர்களா? ஒரே கோயில், ஒரு வழிக்கு ஒரு நட்சத்திரம், மற்றொரு வழிக்கு நான்கு நட்சத்திரம்!

சிலப்பதிகாரத்தைப் பாடத்தில் படித்த ஆவலால், சென்ற சித்திரையில் என் தோழியின் குடும்பத்தாரோடு நானும் பளியன்குடி வழியாக ஏறினேன். அடிவாரத்தில் வெயில் கொதித்தது. காடு தொடங்கியதும் நிழல் வந்தது. ஆனால் ஏற்றம் கூடியது. பிறகு மரங்கள் குறைந்து, புல்வெளி விரிந்து, காற்று எங்களைத் தள்ளத் தொடங்கியது. திரும்பிப் பார்த்தேன். கம்பம், கூடலூர் எல்லாம் பச்சைப் பாயில் சிந்திய அரிசிமணிகள் போலக் கிடந்தன. அந்தப் பாதையில் பள்ளிப் பிள்ளைகளும் இருந்தார்கள். எழுபது வயதைத் தாண்டிய பாட்டிமார்களும் கம்பை ஊன்றிக்கொண்டு வந்தார்கள். என் தோழியின் அப்பத்தா ஒரு பாறையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்கள். "அப்பத்தா, அடுத்த வருசம் ஜீப்பில் வந்துவிடலாமே?" என்று கேட்டேன். அவர்கள் சிரித்தார்கள். "ஜீப்புல வந்தா கோயிலப் பாத்திரலாம் தாயி, மலையப் பாக்க முடியாதுல்ல?" என்றார்கள். இந்தக் கட்டுரை முழுவதிலும் நான் சொல்ல முயல்வதை அப்பத்தா ஒரே வரியில் சொல்லிவிட்டார்கள்.

இனி, மறுப்புக்கு வருகிறேன். மறுப்பைச் சொல்லாமல் தன் பக்கத்தை மட்டும் சொல்வது நியாயமான வாதமாகாது என்று எங்கள் தமிழாசிரியை கூறுவார்கள்.

"குரங்கணியை மறந்துவிட்டாயா?" என்று பெற்றோர் கேட்பார்கள். மறக்கவில்லை. நம் மாவட்டத்தில் யாராலும் மறக்க முடியாது. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. கொழுக்குமலை ஏறிவிட்டுக் குரங்கணியை நோக்கி இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினரைக் காட்டுத்தீ வளைத்துக்கொண்டது. காய்ந்த புல்லும் காற்றும் சேர்ந்தால் தீ எவ்வளவு வேகமாக மேலேறும் என்பதை மலையடிவாரத்துக்காரர்கள் அறிவார்கள். 23 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் பலர் இளம் பெண்கள். முதலில் ஓடிச் சென்று காயம்பட்டவர்களைத் தூக்கி வந்தவர்களில் குரங்கணி ஊர் மக்களும் இருந்தார்கள். அப்போது நான் சிறு பிள்ளை. ஆனாலும் அந்த வாரம் எங்கள் தெருவில் பெரியவர்கள் குரல் தாழ்த்திப் பேசியது எனக்கு நினைவிருக்கிறது.

அந்தத் துயரத்தை வைத்துக்கொண்டு இரண்டு முடிவுகளுக்கு வரலாம். மலையே வேண்டாம் என்பது ஒரு முடிவு. மலையை அறியாமல் மலைக்குப் போகக்கூடாது என்பது மற்றொரு முடிவு. நான் இரண்டாவதையே சரியென்று நினைக்கிறேன். அருமை வேறு, ஆபத்து வேறு. அருமை என்பது நம் உடலையும் மனத்தையும் முழுமையாகக் கேட்பது. ஆபத்து என்பது எது வருமென்று அறியாமலே உயிரைப் பந்தயம் வைப்பது. தீக்காலத்தில் காய்ந்த புல்வெளியில் நடப்பது வீரமாகாது. மழைக்காலத்தில் கும்பக்கரை அருவியில் நீர் வரத்து ஏறும்போது தடுப்பைத் தாண்டுவது துணிச்சலாகாது. உண்மையில் அந்த நட்சத்திரங்கள் எதற்காக? ஆசை காட்டுவதற்காக மட்டும் அல்ல. "இந்த வழி இவ்வளவு கடினம், அதற்குத் தயாராக வா" என்று முன்கூட்டியே உண்மையைச் சொல்வதற்காகவும்தான். கடினத்தைக் கடினம் என்று சொல்லும் இடத்தில் விபத்து குறையும்.

நம் அரசும் இவ்வழியில்தான் சென்றிருக்கிறது. அதே 2018-இல் மலையேற்றத்துக்கெனத் தனி விதிகள் வகுக்கப்பட்டன. 2024-இல் வனத்துறை மாநிலம் முழுவதும் 40 தடங்களைத் தேர்ந்தெடுத்து, எளிது, நடுத்தரம், கடினம் என்று மூன்றாகப் பிரித்து, பயிற்சி பெற்ற வழிகாட்டிகளோடு மக்களை அழைத்துச் செல்லும் திட்டத்தைத் தொடங்கியது. காட்டுத்தீக் காலத்தில் தடங்களை மூடிவிடுகிறார்கள். அந்த நாற்பதில் குரங்கணி – சாம்பலாறு தடமும் ஒன்று என்பதைக் கவனியுங்கள். துயரம் நடந்த மலையை ஒரேயடியாகப் பூட்டிவிடவில்லை, ஒழுங்கோடு திறந்திருக்கிறார்கள்.

அடுத்த மறுப்பு இதைவிடப் பழையது. "பெண் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு?" என்பதே அது. என் அண்ணன் நண்பர்களோடு மலைப்பக்கம் போகிறேன் என்றால், "பார்த்துப் போ" என்கிறார்கள். நான் போகிறேன் என்றால், "எதற்கு?" என்கிறார்கள். அவனுக்கு ஓர் அறிவுரை. எனக்கு ஒரு கேள்வி. இந்த வேறுபாட்டைப் பெற்றோர் வேண்டுமென்று செய்வதில்லை. அன்பினால்தான் செய்கிறார்கள். ஆனால் எட்டு வயதில் மாமரத்தில் ஏறியவள் பதினைந்து வயதில் மொட்டைமாடிக்குப் போவதற்கும் காரணம் சொல்ல வேண்டியிருந்தால், அவள் தன் உடலை எதற்குப் பயன்படுத்துவாள்? தன்னால் எவ்வளவு முடியும் என்பதையே அறியாமல் வளர்ந்துவிடுவாள். பிறகு வாழ்க்கையில் உண்மையான ஏற்றம் வரும்போது, "என்னால் முடியுமோ, முடியாதோ" என்று அடிவாரத்திலேயே நின்றுவிடுவாள்.

ஏறிய பெண்கள் நம் நாட்டில் இல்லாமலில்லை. 1984 மே 23 அன்று பச்சேந்திரி பால் எவரெஸ்ட் உச்சியில் கால் வைத்த முதல் இந்தியப் பெண்மணியானார். நம் பக்கத்து மாவட்டமான விருதுநகரில் பிறந்த முத்தமிழ்ச்செல்வி 2023 மே மாதத்தில் எவரெஸ்டை எட்டி, தமிழகத்துப் பெண்களில் முதல்வரானார். தொடர்வண்டியிலிருந்து தள்ளிவிடப்பட்டு ஒரு காலை இழந்த அருணிமா சின்ஹா, 2013-இல் செயற்கைக் காலோடு அந்தச் சிகரத்தில் நின்றார். இவர்களில் யாரும், "பெண்ணுக்கு எதற்கு?" என்ற கேள்விக்கு மேடையேறிப் பதில் சொல்லவில்லை, மலையேறிப் பதில் சொன்னார்கள்.

அருணிமாவைச் சொன்னதும் மற்றொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அரிதைத் தேடுவோம் என்று சொல்லும்போது எளிதை இகழ்ந்துவிடக் கூடாது. ஒரு நட்சத்திரப் பெட்டி சோம்பேறிகளுக்காக வைக்கப்பட்டதன்று. சக்கர நாற்காலியில் வருபவருக்கும், முதியவருக்கும், சிறு குழந்தைக்கும் உரியது. ஒருவருக்கு மலை எது, மேடு எது என்பதை மற்றவர் தீர்மானிக்க முடியாது. மூட்டு வலியோடு இரண்டாம் மாடிக்கு ஏறி வந்து நமக்குப் பாடம் நடத்தும் வயதான சிஸ்டர் ஒருவருக்கு அந்தப் படிக்கட்டே ஐந்து நட்சத்திரம்! ஆகவே என் வேண்டுகோள், "எல்லோரும் உயரத்துக்கு ஏறுங்கள்" என்பதன்று. "அவரவர் தம்மால் எளிதில் முடிவதற்கு ஒருபடி மேலே உள்ளதைத் தேடுங்கள்" என்பதே.

மலைமக்களையும் நினைக்க வேண்டும். நாம் விளையாட்டாக ஏறுவதை அவர்கள் வாழ்க்கையாக ஏறுகிறார்கள். 1845-இல் அமெரிக்க மிஷனரிமார் கோடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டிய காலத்தில், இன்றுள்ள மோட்டார் சாலை கிடையாது. பெரியகுளம் பக்கமிருந்து மலைப்பாதையில்தான் போக வேண்டும். துரைமாரும் அவர்கள் குடும்பத்தாரும் குதிரையிலும் டோலியிலும் போனார்கள். டோலியைச் சுமந்தவர்கள் யார்? நம் ஊர்க் கூலிகளே. அந்தப் பக்கத்தில் கும்பக்கரைக்கு மேலே உள்ள வெள்ளகெவி மக்கள் பல தலைமுறைகளாகச் சாலையே இல்லாமல், உப்பு முதல் மருந்து வரை தலையிலும் தோளிலும் சுமந்தே வாழ்ந்தார்கள். நோயாளியையும் கட்டிலில் வைத்துத் தூக்கித்தான் இறக்கினார்கள். ஒரு நாள் ஏறிவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு திரும்பும் நாம், அவர்கள் முன்னால் மார்தட்டிக்கொள்ள என்ன இருக்கிறது? கடினமான வழியில் ஒருமுறையாவது நடந்தவளுக்குத்தான் சுமை தூக்குகிறவரின் வலி தெரியும். இதுவும் ஏற்றம் தரும் பயன்களில் ஒன்று. எல்லாவற்றிலும் பெரிய பயன் இதுதான் என்றாலும் மிகையாகாது.

இனி வெறும் பேச்சோடு நிறுத்தாமல், நம் பள்ளிக்கு ஒரு யோசனையை முன்வைக்கிறேன். மதிப்பிற்குரிய தலைமையாசிரியை சிஸ்டர் அவர்களும் ஆசிரியைகளும் பெற்றோர்களும் இதைப் பரிசீலிக்க வேண்டுகிறேன்.

அடுத்த கல்வியாண்டில் நம் பள்ளியிலேயே இந்தத் தேடல் விளையாட்டைத் தொடங்கலாம். இதற்குக் கைபேசி தேவையில்லை. பூகோளப் பாடத்தில் படித்த திசைகாட்டியும், நாமே வரைந்த வரைபடமும், காலடி எண்ணிக்கையும் போதும். பெட்டிக்கு வீட்டில் சும்மா கிடக்கும் எவர்சில்வர் டப்பா போதும். உள்ளே ஒரு சிறு நோட்டும் பென்சில் துண்டும் வைத்துவிடலாம்.

ஒரு நட்சத்திரப் பெட்டி நம் பள்ளியின் எல்லா மாணவிகளும், நடக்க இயலாத தங்கையும்கூட, சென்றடையும் இடத்தில் இருக்க வேண்டும். இரண்டு நட்சத்திரப் பெட்டிக்கு விளையாட்டு மைதானத்தை இரண்டு முறை சுற்றி ஓட வேண்டும். மூன்றுக்கு, உடற்பயிற்சி ஆசிரியையின் மேற்பார்வையில் கயிறு ஏற வேண்டும். நான்குக்கு, சனிக்கிழமை காலையில் ஆசிரியையோடு ஊருக்கு வெளியே வயல் வரப்புகளிலும் வாய்க்கால் கரையிலும் சில கிலோமீட்டர் நடக்க வேண்டும். அங்கே நிலத்துக்காரரிடம் முன்பே அனுமதி கேட்டுத்தான் பெட்டியை வைக்க வேண்டும்.

ஐந்து நட்சத்திரம்? ஆண்டுக்கு ஒருமுறை, தீக்காலமும் மழைக்காலமும் இல்லாத ஒரு நாளில், வனத்துறை அனுமதித்த ஒரு தடத்தில், அவர்களுடைய வழிகாட்டியோடும் பெற்றோரின் ஒப்புதலோடும், ஒன்பதாம் பத்தாம் வகுப்பு மாணவிகள் ஏற வேண்டும். காட்டில் பெட்டி எதையும் ஒளித்து வைக்கக் கூடாது. நம்மைச் சூழ்ந்த மலைகளில் பெரும்பகுதி காப்புக்காடு. மேகமலைப் பகுதி 2021-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலைப் புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. அங்கே ஒரு டப்பாவை விட்டுவருவதும் குப்பை போடுவதும் ஒன்றே. பெட்டிக்குப் பதிலாகக் கேள்வியைக் கொண்டு செல்வோம். 2004-இலிருந்து இந்த விளையாட்டில் எர்த்கேச் என்று ஒருவகை இருக்கிறது. அதில் பெட்டியே கிடையாது. குறிப்பிட்ட இடத்துக்குச் சென்று, அங்குள்ள பாறையையும் மண்ணையும் நேரில் பார்த்தால் மட்டுமே விடை சொல்லக்கூடிய கேள்விகள் கேட்பார்கள். நம் விஞ்ஞான ஆசிரியை அப்படிப்பட்ட மூன்று கேள்விகள் தந்தால் போதும். இந்த ஓடைக் கல் ஏன் இவ்வளவு வழுவழுப்பாக இருக்கிறது? மரங்கள் எந்த உயரத்தில் குறைந்து புல் தொடங்குகிறது? இந்த நீர் எந்தப் பக்கம் இறங்கி எந்த ஆற்றில் சேர்கிறது? விடையை மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டு, காட்டில் காலடித் தடத்தைத் தவிர வேறெதையும் விடாமல் திரும்புவோம்.

இதற்கு ஒரே ஒரு விதியைக் கண்டிப்பாக வைக்க வேண்டும். ஒரு மாணவி எத்தனை பெட்டி கண்டாள் என்ற எண்ணிக்கைப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டக்கூடாது. அப்படி ஒட்டினால் நாமும் நெடுஞ்சாலை ஓரத்துக்கு வந்துவிடுவோம். முடியவில்லை என்று பாதி வழியில் திரும்பியவளையும், "பரவாயில்லை, அடுத்த முறை வா" என்று தட்டிக்கொடுக்க வேண்டும். திரும்ப வேண்டிய நேரத்தில் திரும்பத் தெரிவதும் மலையேற்றத்தில் ஒரு படிப்பு.

பெற்றோர்களே! எங்களைப் பத்திரமாக வைத்திருக்க விரும்புகிறீர்கள். அதற்கு நாங்கள் என்றும் நன்றியுள்ளவர்கள். ஆனால் பத்திரம் இரண்டு வகை. பீரோவில் வைத்த பட்டுப் புடவையும் பத்திரமாக இருக்கிறது. வைகை வெள்ளத்தில் நீந்தத் தெரிந்தவளும் பத்திரமாக இருக்கிறாள். எங்களை இரண்டாவது வகையில் பத்திரப்படுத்துங்கள் என்று கேட்கிறேன்.

அன்புத் தங்கைகளே! தேர்வு முடிந்ததும் சிலர் மேல்படிப்புக்குச் செல்வோம்; சிலர் வேலைக்குச் செல்வோம்; சிலர் வேறூர் செல்வோம். எங்கே போனாலும் நம் முன்னே பெட்டிகள் ஒளிந்திருக்கும். சாலை ஓரத்துப் பெட்டிகள் நம்மைக் கையசைத்துக் கூப்பிடும். அவற்றைத் திறந்து பெயர் எழுதுவதில் தவறில்லை. ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். நம் மலைகள் நகர வேண்டியதில்லை. நாம் நகர்ந்தால் போதும். வழியைக் கேட்டறிவோம், தண்ணீர் எடுத்துக்கொள்வோம், துணையோடு புறப்படுவோம், ஏறுவோம்!